சிடி இல்லாமல் வந்த மடிக்கணினி: விண்டோஸை மறுபடியும் நிறுவுவது எப்படி?

கேள்வி: மகளின் கல்லூரிப் படிப்புக்காகச் சென்ற மாதம் 52,000 ரூபாய்க்கு விண்டோஸ் 11 உள்ள மடிக்கணினி ஒன்றை வாங்கினோம். பெட்டிக்குள் சார்ஜரும் சிறு கையேடும் மட்டுமே இருந்தன. விண்டோஸ் சிடி இல்லை. கேட்டதற்கு, "இப்போதெல்லாம் கம்பெனியே தருவதில்லை, 800 ரூபாய் கொடுத்தால் நான் போட்டுத் தருகிறேன்" என்கிறார் கடைக்காரர். நாளை பழுதானால் விண்டோஸை மீண்டும் எப்படி நிறுவுவது? அந்த 800 ரூபாயைக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். ஒரு நல்ல பென் டிரைவ் மட்டும் வாங்கினால் போதும்; மற்ற எல்லாவற்றுக்கும் நீங்கள் ஏற்கெனவே விலை கொடுத்துவிட்டீர்கள்.

சிடி வராததில் கடைக்காரர் மீது குறையில்லை. கள்ளப் பிரதிகள் பெருகுவதைத் தடுப்பதற்காக, புதிய கணினியோடு முழுமையான நிறுவல் சிடியைத் தரும் வழக்கத்தை 2000ஆம் ஆண்டை ஒட்டியே மைக்ரோசாஃப்ட் கட்டுப்படுத்தத் தொடங்கிவிட்டது. அதன்பின் சில காலம் தத்தம் கணினிகளில் மட்டும் வேலை செய்யும் மீட்பு சிடிகளைத் தந்துவந்த தயாரிப்பாளர்கள், பிறகு அந்தச் செலவையும் விட்டுவிட்டு, வன்தட்டிலேயே ஒரு மூலையை ஒதுக்கி அதில் மீட்புக் கோப்புகளை வைத்து அனுப்பலானார்கள். இன்றைய மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றில் சிடியைச் செருகவே இடமில்லை. விண்டோஸ் 11-இன் நிறுவல் கோப்பு 5 ஜிபியைத் தாண்டுவதால், 4.7 ஜிபி கொள்ளும் சாதாரண டிவிடியிலும் அது அடங்காது. அவர் எந்த சிடியைத் தரப்போகிறார் என்பதே எனக்கு விளங்கவில்லை.

சிடியைவிட முக்கியமானது உரிமம். பழைய கணினிகளின் அடிப்பக்கத்தில் 25 எழுத்துகள் கொண்ட சாவி அச்சிட்ட ஒட்டுத்தாள் இருக்கும். இரண்டு கோடைக்காலத்தில் அது வியர்வையில் அழிந்துபோகும். 2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து, விண்டோஸோடு விற்கப்படும் கணினிகளில் அந்தச் சாவியைத் தயாரிப்பாளரே மதர்போர்டில் உள்ள நினைவகச் சில்லில் பதித்துவிடுகிறார். மீண்டும் நிறுவும்போது விண்டோஸ் அதைத் தானே படித்துக்கொண்டு, இணையம் கிடைத்ததும் தன்னை உறுதிசெய்துகொள்ளும்; எதையும் தட்டச்சு செய்ய வேண்டியதில்லை. செட்டிங்ஸ் பகுதியில் சிஸ்டம், ஆக்டிவேஷன் என்று சென்றால், டிஜிட்டல் உரிமத்தால் செயல்படுத்தப்பட்டுள்ளது என்ற செய்தியை இன்றே பார்த்துவிடலாம். ஒருவேளை ரசீதில் 'டாஸ்' என்று போட்டிருந்தால் அது விண்டோஸ் உரிமமே இல்லாமல் விற்கப்பட்ட கணினி. அதன் கதை வேறு.

இங்கேதான் நம் ஊர்க் கடைகளில் ஒரு விபத்து அடிக்கடி நடக்கிறது. இந்தியாவில் விற்கும் வீட்டு உபயோக மடிக்கணினிகளில் பெரும்பாலும் இருப்பது 'ஹோம் சிங்கிள் லாங்குவேஜ்' பதிப்பு. "ஓஎஸ் (விண்டோஸ்) போட்டுத் தருகிறேன்" என்று வாங்கிக்கொள்பவர், தம்மிடம் உள்ள 'புரோ' பதிப்பைப் போட்டு, அதற்கு மதர்போர்டில் உள்ள சாவி பொருந்தாததால் உரிமச் சோதனையை ஏமாற்றும் ஏதோ ஒரு கிராக் நிரலை ஓட்டி முடித்துவிடுவார். காசு கொடுத்து வாங்கிய அசல் உரிமம் உள்ளேயே உறங்க, மேலே போலி ஒன்று ஓடும். அந்த கிராக்கோடு வைரஸும் வந்து சேரலாம். போதாக்குறைக்கு, சி, டி என்று பிரித்துத் தருகிறேன் என்று வன்தட்டில் உள்ள எல்லாப் பார்ட்டிஷன்களையும் (பிரிவுகளையும்) அழிக்கும்போது, தயாரிப்பாளர் வைத்த மீட்புப் பகுதியும் சேர்ந்து போய்விடும்.

விண்டோஸ் மட்டும் கெட்டுப்போனால் அந்த மீட்புப் பகுதியே கைகொடுக்கும். 'ரீசெட் திஸ் பிசி' என்ற வசதி, சொந்தக் கோப்புகளை வைத்துக்கொண்டோ அழித்துவிட்டோ விண்டோஸைப் புதிதாக நிறுவித்தரும். ஆனால் வன்தட்டோ, அதன் இடத்தில் இன்று வரும் எஸ்எஸ்டியோ செத்துவிட்டால் நோயாளியோடு மருந்தும் போய்விடும். ஆகவே கணினி நலமாக இருக்கும்போதே வெளியில் ஒரு பிரதி எடுத்துவைக்க வேண்டும்.

அதற்கு இரண்டு வழிகள் உண்டு. விண்டோஸ் தேடல் கட்டத்தில் 'ரெகவரி டிரைவ்' என்று தேடித் திறந்து, கணினிக் கோப்புகளையும் சேர்த்துக்கொள்ளும் தேர்வை மாற்றாமல், 32 ஜிபி பென் டிரைவ் ஒன்றில் மீட்பு டிரைவ் உருவாக்குவது முதல் வழி. ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம், பென் டிரைவில் இருப்பவை அனைத்தும் அழியும். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து 'மீடியா கிரியேஷன் டூல்' என்னும் இலவசக் கருவியை இறக்கி, குறைந்தது 8 ஜிபி உள்ள பென் டிரைவில் நிறுவல் டிரைவ் உருவாக்குவது இரண்டாவது. ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் முதலாவதையே செய்யுங்கள். இரண்டாவதை என்றைக்கு வேண்டுமானாலும் அண்டை வீட்டுக் கணினியில் செய்துகொள்ளலாம். முதலாவதை உங்கள் கணினி ஓடும்போதுதான் செய்ய முடியும், அதன் பாகங்களை இயக்கும் டிரைவர் நிரல்களும் அதில்தான் சேரும். இந்த வேறுபாடு சிறியதன்று: இன்டெல் 11ஆம் தலைமுறையும் அதற்குப் பிந்தையதுமான சில மடிக்கணினிகளில், வெறும் நிறுவல் டிரைவைப் போட்டால் எஸ்எஸ்டியே கண்ணுக்குத் தெரியாது, இன்டெலின் சேமிப்பக டிரைவரைத் தனியே இறக்கிப் பென் டிரைவில் வைத்துக் காட்டிய பிறகே நிறுவல் நகரும். வட்டு கெட்டுவிட்டது என்று அந்த இடத்தில் முடிவுகட்டிவிட வேண்டாம்.

பென் டிரைவிலிருந்து தொடங்க, கணினியை இயக்கிய கையோடு டெல், ஏசர், லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12 விசையையும், ஹெச்பியில் எஃப்9 விசையையும் தட்ட வேண்டும்.

இதைத் தொடும் முன் கட்டாயமாகச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பயன்படுத்தும் புதிய மடிக்கணினிகள் பலவற்றில் வட்டு மறைகுறியாக்கம் (சாவி இல்லாமல் கோப்புகளைப் படிக்க முடியாதபடி பூட்டும் ஏற்பாடு) தானாகவே இயங்கத் தொடங்கிவிடுகிறது. மதர்போர்டு அமைப்புகளை மாற்றினாலோ மீட்பு முறையில் நுழைந்தாலோ 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அது இல்லையேல் வட்டில் உள்ள கோப்புகளைத் திரும்பப் பெற வழியில்லை. சாவி மகளின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். எந்த மின்னஞ்சலில் அந்தக் கணக்கைத் தொடங்கினார் என்பதை உறுதிசெய்துகொண்டு, சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். கடையிலேயே கடைக்காரர் தம் மின்னஞ்சலில் தொடங்கிக் கொடுத்திருந்தால் இன்றே மாற்றுங்கள். கணினியோடு வந்த ஆஃபீஸ் தொகுப்பின் உரிமமும் அப்படிப்பட்ட கணக்கோடுதான் பிணைக்கப்படுகிறது.

மீட்பு டிரைவ் உருவானதும் அதில் கணினியின் மாடல் பெயரையும் தேதியையும் ஒட்டி, வாங்கிய ரசீதோடு பீரோவில் வைத்துவிடுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொண்டால் போதும். மகள் பாடக் குறிப்புகளைக் கொண்டுசெல்ல ஒரு பென் டிரைவ் கேட்டால் வேறொன்றை வாங்கிக் கொடுங்கள்.