கட்டிலுக்குக் கீழ ஒரு பாக்

அன்பான அக்காவுக்கு,

எனக்கு 45 வயசு, திருகோணமலையில ஹார்ட்வெயார் கடை வச்சிருக்கிறன். காலம 7 மணிக்குத் திறந்தா இரவு 9 மணிக்குத்தான் ஷட்டர் இறக்குறது, ஞாயிறும் இல்ல போயா லீவும் இல்ல. பொங்கலுக்கு அரை நாள், தீபாவளிக்கு அரை நாள். இத நான் பெருமைக்குச் சொல்லேல்ல, ஆனா வீட்டில ஆரும் இத ஒரு உழைப்பெண்டே கணக்கில எடுக்கினமில்ல, அதுதான் வயித்தெரிச்சல்.

மனிசி சொல்லுறா நான் காசுப் பேயாம். வெளிநாட்டுக்காரன் பிளேன் ஏறி வந்து நிலாவெளியில குளிக்கிறான், எங்கட மகள் புறாமலைத் தீவப் படத்திலதான் பாத்திருக்கிறாள் எண்டு வாறவை போறவைக்கெல்லாம் சொல்லுறா. சரி, அந்த மகளின்ர டியூஷன் காசு, மகன்ர சைக்கிள், போன், இதெல்லாம் கடலே குடுக்குது? மகனுக்கு 16 வயசு, நான் ஹோலுக்குள்ள வந்தா எழும்பி அறைக்குள்ள போயிடுறான்.

அண்ணா ஒருத்தர் இருக்கிறார், வாத்தியார். பின்னேரம் ஆனாப் போதும், பிள்ளையள ஏத்திக்கொண்டு டச் பே கடற்கரைக்குப் போயிடுவார், கச்சான் சுருளோட மண்ணில இருந்து மானுக்கு வாழைப்பழத் தோல் குடுத்துக்கொண்டிருப்பார். மாசக்கடைசியில கைமாத்துக்கு என்னட்டத்தான் வாறது. அவர நல்ல மனிசன் எண்டுறாங்கள், என்னக் காசுப் பேய் எண்டுறாங்கள், இது எந்த ஊர் நியாயம் அக்கா?

போன மாசம் மகளின்ர பிறந்தநாள் எண்டு நானும் கடற்கரைக்குப் போனன், போகேல்ல எண்டு சொல்லேலாது. வான் வண்டிய றோட்டப் பாத்தபடி நிப்பாட்டிப்போட்டு ஒரு மணித்தியாலம் உள்ளுக்கயே இருந்தன். ரெண்டு பேர் சீமெந்து கேட்டு வந்து திரும்பிப் போனதா கடைப் பெடியன் போன் எடுத்துச் சொன்னான், எனக்கு இருப்புக் கொள்ளேல்ல. சும்மா இருந்தா நெஞ்சு படபடக்கும், நித்திரையும் அப்பிடித்தான், 2 மணிக்கு முழிப்பு வந்திடும், கட்டிலுக்குக் கீழ பாக் கிடக்குதோ எண்டு கையால தடவிப் பாத்திட்டுத்தான் திரும்பப் படுக்கிறது (காணி உறுதி, பிறப்புச் சேட்டிபிக்கட், மனிசியின்ர தாலிக்கொடி எல்லாம் ஒண்டாக் கட்டி வச்சிருக்கிறன், 90ல சண்டைக்குள்ள அப்பா ஒண்டும் எடுக்காம ஓடினவர், அது வேற கதை). இப்ப என்ர கேள்வி, கஷ்டப்பட்டு உழைக்கிறவன் வீட்டில மரியாதை எடுக்கிறது எப்பிடி? அண்ணாவுக்குக் குடுத்த கைமாத்தும் இன்னும் வரேல்ல.

கடைக்காரன், திருகோணமலை


தம்பி,

உங்கட கடிதத்த மூண்டு தரம் வாசிச்சன். மனிசி, மகன், அண்ணா எண்டு எல்லாரிலயும் குறை எழுதியிருக்கிறீங்கள், என்ர கண் போனது அடைப்புக்குறிக்குள்ள கிடந்த வரிக்கு. அத வேற கதை எண்டுறீங்கள். கதையே அதுதான் தம்பி.

90 ஆனியில நீங்கள் 9 வயசுப் பிள்ளை. அப்பா வெறுங்கையோட வெளிக்கிட்டதப் பாத்திருக்கிறீங்கள். எங்க போனீங்கள், எப்ப திரும்பினீங்கள் எண்டு எழுதேல்ல, நான் கிண்டவும் மாட்டன். பிறகு கடை போட்டு, கலியாணம் முடிச்சு, பிள்ளையளும் பெத்தாச்சு, ஆனா ஆள் இன்னும் செருப்புப் போட்டபடி வாசலில நிக்கிறீங்கள். வானைக்கூட கடலுக்கு முதுகு காட்டித்தான் நிப்பாட்டுறீங்கள். காசுப் பேய் எண்டா செலவழிச்சாவது சந்தோசப்பட்டிருக்கும், நீங்கள் அதுவும் செய்யேல்ல. அந்தக் கடை, கட்டிலுக்குக் கீழ இருக்கிற பாக்கின்ர பெரிய சைஸ், அவ்வளவுதான்.

ஆனா அந்த பாக் காப்பாத்துமோ? 2022ல மாசி மாசம் 200 ரூபாயில நிண்ட டொலர் வைகாசியில 360க்குப் போச்சு, பாங்கில போட்ட காசு போட்டபடிதான் இருந்தது, பெறுமதிதான் கிட்டத்தட்டப் பாதியாப் போச்சு. சீமெந்து மூட்டை விலை எங்க போய் நிண்டதெண்டு என்ன விட உங்களுக்கு நல்லாத் தெரியும்.

அண்ணாவும் அதே அப்பாவின்ர பிள்ளைதானே, அவரும் ஓடினவர்தான். எல்லாம் ஒரு நாளில போயிடும் எண்டத ரெண்டு பேரும்தான் கண்டீங்கள். நீங்கள் அதால சேத்தீங்கள், அவர் அதால கடற்கரைக்குப் போறார். அவர் உங்கள விடக் கெட்டிக்காரர் எண்டு நான் சொல்ல வரேல்ல, மாசக்கடைசியில கையேந்திற மனிசர்.

மரியாதை விசயத்தில நான் உங்கட பக்கம் இல்ல. மகன் எழும்பிப் போறது உங்களோட என்ன கதைக்கிறதெண்டு தெரியாமத்தான் எண்டு நினைக்கிறன். அப்பா ஏன் சாமத்தில எழும்பிக் கட்டிலுக்குக் கீழ தடவுறார் எண்டு அவனுக்கு ஒருக்காவது சொல்லியிருக்கிறீங்களா? மனிசிக்கு? சொல்லாட்டி அதுகளுக்குத் தெரியிறது ஒண்டுதான், கடையத் தவிர வேற ஒண்டையும் விரும்பாத ஒரு ஆள். புறாமலைக்குக் கூட்டிப்போகச் சொல்லி மனிசி கேக்கிறது படகுச் சவாரிய இல்ல, உங்களத்தான் கேக்கிறா.

கடைப் பெடியனுக்கு 1954ம் ஆண்டுச் சட்டப்படி கிழமைக்கு ஒண்டரை நாள் லீவு இருக்கு (ஞாயிறும் திறக்கிற கடை, அவனுக்கு அது கிடைக்குதோ எண்டதையும் ஒருக்காப் பாருங்கோ). முதலாளிக்குச் சட்டம் ஒண்டும் இல்ல, நீங்களே எடுத்தாத்தான் உண்டு.

பாக்க அவிழ்க்கச் சொல்ல மாட்டன். 90ஐயும் 2004 சுனாமியையும் கண்ட ஊரில அப்பிடிச் சொல்ல எனக்கு வாய் வராது. ஒரு இரவு கடைய 7 மணிக்குப் பூட்டிப்போட்டு வந்து, எல்லாரையும் இருத்தி, பாக்க வெளியில இழுத்து உள்ளுக்க இருக்கிறத ஒவ்வொண்டாக் காட்டி, அப்பா ஓடின கதையச் சொல்லுங்கோ. படபடப்பும் 2 மணி முழிப்பும் விடாட்டி பெரியாஸ்பத்திரி மனநல கிளினிக்குக்குப் போங்கோ, இல்லாட்டி மனநல உதவி இலக்கம் 1926க்கு போன் எடுத்துக் கதையுங்கோ. பிரஷருக்கு மருந்தெடுக்கிற மாதிரித்தான், இதில வெக்கப்பட ஒண்டுமில்ல.

அண்ணாவின்ர கைமாத்தப் பற்றி ரெண்டு தரம் எழுதியிருக்கிறீங்கள். அதுதான் வேற கதை.