தைப்பூச நடைப்பயணம்: மண்டபத்தில் இடம் இல்லாத ராத்திரிக்கு என்ன செய்வது?

காரைக்குடியிலிருந்து பழனிக்கு ஆறு பேர் முதல் முறையாக நடக்கப் போகிறோம், மண்டபத்தில் இடம் கிடைக்காவிட்டால் வெளியில்தான் படுக்க வேண்டும், டென்ட் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், அதைச் சுமந்துகொண்டு நடப்பது பெரிய பாடு. 12க்கு 15 அடி தார்ப்பாய் ஒன்று, நைலான் கயிறு, ஆளுக்கொரு கொசுவலை, இவை போதும்.

தை மாதத்தில் மழையை விடப் பனிதான் தொல்லை. வானம் தெளிவாக இருந்தால் தரையின் சூடு ராத்திரியில் மேலே போய்விடும், மரத்தடியில் அவ்வளவு போகாது. மரத்தடியில் நிறுத்திய பைக் சீட்டைக் காலையில் தொட்டுப் பாருங்கள், காய்ந்திருக்கும். வெளியில் நின்றதைத் துண்டால் துடைத்தாக வேண்டும். அதனால் மாந்தோப்போ புளியந்தோப்போ பார்த்து, தோட்டக்காரரிடம் கேட்டுவிட்டுப் படுங்கள். தென்னந்தோப்பு வேண்டாம், மட்டை விழும். ரோட்டோரம் எந்தக் காரணத்துக்காகவும் வேண்டாம், லாரி ஓட்டுபவருக்குத் தரையில் படுத்திருப்பவர் கண்ணில் படமாட்டார்.

தார்ப்பாயின் ஒரு பக்கத்தை இடுப்பு உயரத்தில் இரண்டு மரங்களுக்கு நடுவில் கட்டி, மறுபக்கத்தை வாடைக் காற்று வரும் திசையில் தரையோடு இழுத்து விடுங்கள். மூலையில் ஓட்டை கிழிந்திருந்தால் ஒரு கூழாங்கல்லை அந்த மூலைக்குள் வைத்துச் சுற்றி, கல்லுக்குக் கீழே தார்ப்பாயோடு சேர்த்துக் கயிற்றைச் சுருக்கிட்டால் எவ்வளவு காற்றடித்தாலும் நழுவாது. தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு மட்டும் தூங்காதீர்கள், விடியும்போது உங்கள் வியர்வையிலேயே நனைந்திருப்பீர்கள். பாய்க்கு அடியில் அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டால் தரையின் குளிர் ஏறாது.

இனி நான் ரொம்பவும் கவலைப்படுகிற விஷயம், கட்டுவிரியன். தரையில் தூங்குபவர்களைத்தான் இது அதிகம் கடிக்கிறது, கடித்தால் பெரிதாக வலிக்காது, வீங்காது, பல் பட்ட தடம்கூடத் தெரியாமல் போகலாம். கொசுவலையைப் பாய்க்கு அடியில் நாலு பக்கமும் நன்றாகச் செருகிக்கொண்டால் பாம்பு உள்ளே வருவது கடினம். அறுவடை முடிந்த நேரம் என்பதால் வைக்கோல் போர் பக்கம் போகாதீர்கள், எலி இருக்கும், எலி இருந்தால் பாம்பும் வரும். ராத்திரியில் யாராவது காரணமே இல்லாமல் வயிறு வலிக்கிறது என்று எழுந்தாலோ, இமை தொங்கினாலோ, எச்சில் விழுங்கக் கஷ்டப்பட்டாலோ விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கட்டுப் போடாமல், கீறாமல், நடக்கவிடாமல், உடனே 108ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள், விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும்.

அப்புறம், காலையில் பையையும் துண்டையும் ஒருமுறை உதறிவிட்டு எடுங்கள்.