முஸ்கடே ஒயினில் குமிழி: கெட்டுப்போய்விட்டதா?

கேள்வி: பிரான்ஸின் நாந்த் நகரிலிருந்து 'முஸ்கடே செவ்ர் எ மேன் சுர் லீ' என்ற வெள்ளை ஒயின் வாங்கி வந்தோம். மஸ்கட் திராட்சை போல இனிக்கும் என்று நினைத்தால் புளிக்கிறது. நாக்கில் சுருக்கென்று குமிழியும் தெரிகிறது. கெட்டுவிட்டதா? எதோடு சாப்பிடலாம்?

பதில்: கெட்டுப்போகவில்லை. நீங்கள் சொல்லும் இரண்டும் இந்த ஒயினின் இயல்பு. பெயர்தான் குழப்புகிறது. முஸ்கடேக்கும் மஸ்கட் திராட்சைக்கும் உறவே இல்லை. இதன் திராட்சை 'மெலோன் த பூர்கோஞ்', பூர்கோஞ் பகுதியிலிருந்து வந்த ரகம். 1709 கடுங்குளிரில் நாந்த் பக்கத்துக் கொடிகள் பெருமளவு கருகின. குளிர் தாங்கும் மெலோன் அதன்பிறகுதான் அங்கே நிலைத்தது.

மெலோனுக்குச் சொந்த மணம் குறைவு. அந்தக் குறையை ஈடுகட்டுவதுதான் 'சுர் லீ', அதாவது வண்டலின் மேல் வைப்பது. நொதித்து முடிந்த ஈஸ்ட் தொட்டியின் அடியில் படிந்ததும், ஒயினை வேறு தொட்டிக்கு மாற்றாமல் குளிர்காலம் முழுவதும் அதன் மேலேயே விடுகிறார்கள். ஈஸ்ட் மெல்லச் சிதைந்து ஒயினுக்குக் கொஞ்சம் கனமும், பிசைந்த ரொட்டிமாவின் மெல்லிய வாசனையும் தருகிறது. அசைக்காததால் நொதித்தலில் உண்டான கரியமில வாயு கொஞ்சம் உள்ளேயே தங்கிவிடுகிறது. நீங்கள் உணர்ந்த சுருக்கு அதுதான். பிடிக்கவில்லை என்றால் கிளாஸை நாலு சுற்றுச் சுற்றுங்கள், அடங்கிவிடும்.

உண்மையில் கெட்டதென்றால் வேறு அடையாளம் இருக்கும். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் கார்க் பழுது. பழுப்பேறி, நறுக்கி வைத்த ஆப்பிள் போல மணந்தால் காற்றுப் பட்டிருக்கிறது. அடியில் சர்க்கரை போல் படிகம் கிடந்தால் அது டார்ட்டார் உப்பு, கெடுதல் இல்லை.

பரிமாறும் குளிர் 8 முதல் 10 டிகிரி. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கால் மணிநேரம் வெளியே வையுங்கள். நடுங்கும் குளிரில் புளிப்பு மட்டுமே மிஞ்சும்.

சாப்பாட்டுக்கு வந்தால், கடலிலிருந்து வந்த எதுவும் சரி. பச்சைச் சிப்பிக்கு இதைவிடப் பொருத்தமான ஒயின் எனக்குத் தெரியவில்லை: எலுமிச்சை பிழிகிற வேலையை ஒயினே செய்கிறது. வீட்டில் சமைப்பதானால் கடல் மட்டி. இருவருக்கு 1 கிலோ. தட்டியும் வாய் மூடாததை முதலிலேயே எறியுங்கள். அகலப் பாத்திரத்தில் 25 கிராம் வெண்ணெயில் பொடியாக நறுக்கிய 2 சின்ன வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, 150 மில்லி முஸ்கடே ஊற்றிக் கொதி வந்ததும் மட்டியைக் கொட்டி மூடுங்கள். பெரிய தீயில் 4, 5 நிமிடம். நடுவில் ஒருமுறை குலுக்குங்கள். வாய் திறந்ததும் இறக்கிவிட வேண்டும், தாமதித்தால் சதை ரப்பராகும். உப்புப் போடவே வேண்டாம். மட்டி விடும் கடல்நீரே போதும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

மிளகாய்க் காரமும் புளியும் தூக்கலான குழம்போடு இதைக் குடிக்காதீர்கள். மென்மையான ஒயின், இருந்த இடம் தெரியாமல் போகும். ஆட்டுப்பால் சீஸோடு நன்றாகப் போகும்.

திறந்த பாட்டிலை மூடி ஃபிரிட்ஜில் வைத்தால் 2, 3 நாள் தாங்கும். லேபிளில் 'கிளிஸ்ஸோன்' அல்லது 'கோர்ஜ்' என்று கிராமப் பெயர் இருந்தால் அவசரப்பட்டுத் திறக்க வேண்டாம். அவை வண்டலில் நெடுநாள் கிடந்தவை, சில ஆண்டுகள் வைத்திருக்கலாம்.