‘சாப்பிட்டியா’வுக்கு அப்புறம் என்ன பேசுவது?

போலீஸ் பிடித்துப்போய், வழக்குக்காகச் சிறார் இல்லத்தில் வைத்திருக்கும் பிள்ளையோடு எப்படித் தொடர்பில் இருப்பது என்று இந்த முறை நிறைய கேள்விகள். ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். பெயர், ஊர் எதுவும் இருக்காது.

கேள்வி: பையனைக் கூட்டிக்கொண்டு போய் இரண்டு நாள் ஆகிறது. எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியவில்லை. யாரைக் கேட்பது?

கூட்டிப்போன காவல் நிலையத்தில் ஆரம்பியுங்கள். அங்கே பதில் இல்லையென்றால் சிறார் வழக்குகளைப் பார்க்கும் நீதிமன்றம், அப்புறம் சட்ட உதவி மையம். கெஞ்ச வேண்டியதில்லை. சிறாரைப் பிடித்தால் பெற்றோருக்கு உடனே தெரிவிக்க வேண்டும் என்று 1985ஆம் ஆண்டு ஐ.நா. ஏற்ற பெய்ஜிங் விதிகள் சொல்கின்றன. இடம் தெரிந்ததும் இல்லத்துக்குப் போன் செய்து, பார்வை நாள் எது, யார் யார் வரலாம், என்ன அடையாள அட்டை வேண்டும், எதைக் கொண்டுவரக் கூடாது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். பதில் சொன்னவர் பெயரையும் எழுதி வையுங்கள். ‘அப்படி யார் சொன்னது?’ என்று வாசலில் கேட்பார்கள்.

கேள்வி: வாரம் ஒரு முறை பத்து நிமிடம் போன். ‘ம்’, ‘சரி’, ‘இருக்கேன்’. அவ்வளவுதான் பேசுகிறான். எங்கள் மேல் கோபமா?

அந்தப் போன் எங்கே இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். பெரும்பாலும் நடைவழியில், இல்லையென்றால் அலுவலக மேசையில். பின்னால் நாலு பையன்கள் காத்திருப்பார்கள், பக்கத்தில் காப்பாளர் நிற்பார். அங்கே நின்றுகொண்டு எந்தப் பதினாறு வயதுப் பையன் மனம்விட்டுப் பேசுவான்?

நான் ஓர் இல்லத்தில் ஆலோசகராக இருந்தபோது ஒரு பையன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, வயரை விரலில் சுற்றிக்கொண்டே ‘ம்’ மட்டும் கொட்டுவான். பார்ப்பவர்களுக்கு அலட்சியமாகத் தெரியும். அம்மா வைத்த பிறகும் ரிசீவரைக் காதிலேயே வைத்திருப்பான், அடுத்தவன் தோளைத் தட்டும் வரை.

‘ஏன் இப்படிப் பண்ணினாய்’ என்பது போனில் வேண்டவே வேண்டாம். ‘எப்படி இருக்கே’ என்றால் ‘இருக்கேன்’தான் வரும். கேள்வியைச் சின்னதாக்குங்கள்: நேற்று என்ன விளையாடினீர்கள், பக்கத்துக் கட்டிலில் யார், என்ன பாடம் நடக்கிறது. அதுவும் தீர்ந்தால் நீங்களே பேசுங்கள். தங்கைக்குப் பல் விழுந்தது, மாடிப்படியில் பூனை குட்டி போட்டது, எதுவானாலும் சரி. தான் இல்லாமலே வீடு நடக்கிறது என்று வருந்த மாட்டானா என்று சிலர் கேட்பதுண்டு. கொஞ்சம் வருந்துவான்தான். ஆனால் வீட்டு நடப்பை மறைத்தால் திரும்பி வரும்போது விருந்தாளி மாதிரி வருவான். அது இதைவிட மோசம்.

அப்புறம், சொன்ன நேரத்தில் போனைக் கையில் வைத்திருங்கள். நீங்கள் எடுக்காவிட்டால் அவனுக்கு அடுத்த வாய்ப்பு அடுத்த வாரம்தான்.

கேள்வி: வழக்கைப் பற்றிப் போனில் பேசலாமா?

கூடாது. பல இடங்களில் அழைப்பைப் பதிவு செய்வார்கள், கடிதத்தைப் பிரித்துப் பார்ப்பார்கள். அவனே ஆரம்பித்தாலும், ‘அதை வக்கீலிடம் சொல்லு’ என்று நிறுத்திவிடுங்கள். வக்கீலோடு தனியாகப் பேச அவனுக்கு உரிமை உண்டு.

கேள்வி: நான் வெளியூரில் வேலை செய்கிறேன். மாதம் ஒரு தடவைகூடப் போக முடியாது. அப்பா என்று இருந்து என்ன பயன்?

கடிதம் எழுதுங்கள். போனை வைத்தால் பேச்சு முடிந்தது. கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம். அரைப் பக்கம் போதும், ஆனால் வாரம் தவறக் கூடாது. அறிவுரையை ஒரு வரியோடு நிறுத்துங்கள். ஒவ்வொன்றிலும் வரிசை எண் போடுங்கள். ஐந்துக்குப் பிறகு ஏழு வந்தால், ஒன்று வந்து சேரவில்லை என்று அவனுக்குத் தெரியும். ஸ்டேப்ளர் பின், ஸ்டிக்கர், வாசனைத் தாள் இருந்தால் பல இல்லங்களில் உள்ளே விடமாட்டார்கள். பையனுக்குப் படிக்கத் தடுமாறும் என்றால் வேறு யாராவதுதான் வாசித்துக் காட்டுவார்கள்; அவர் காதில் விழக்கூடியதை மட்டும் எழுதுங்கள்.

கொரோனா காலத்தில் நேரில் பார்ப்பது நின்றபோது பல இடங்களில் வீடியோ அழைப்பு வந்தது. உங்கள் மகன் இருக்கும் இல்லத்தில் உண்டா என்று கேளுங்கள்.

கேள்வி: சண்டை போட்டான் என்று ஒரு மாதம் பார்க்கவோ போனில் பேசவோ விடமாட்டோம் என்கிறார்கள். சரியா?

சரியில்லை. காவலில் உள்ள சிறாருக்காக ஐ.நா. 1990இல் ஏற்ற ஹவானா விதிகள், எந்தக் காரணத்துக்காகவும் குடும்பத் தொடர்பைக் குறைப்பதோ மறுப்பதோ கூடாது என்கின்றன. வாரம் ஒரு சந்திப்பு, குறைந்தது மாதம் ஒன்று. கடிதமோ போனோ வாரம் இரண்டு தடவையாவது என்பது அவை சொல்லும் கணக்கு. எல்லா நாடும் அப்படியே நடப்பதில்லை, ஆனால் வக்கீல் கையில் இது நல்ல பிடி. யார் உத்தரவு, எத்தனை நாள், என்ன காரணம் என்று எழுத்தில் கேளுங்கள். வாய்மொழித் தடை பாதிக்குமேல் அங்கேயே தளர்ந்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: ஏழு வயதுத் தங்கையிடம் ‘அண்ணன் ஹாஸ்டலில்’ என்று சொல்லி வைத்திருக்கிறோம். கூட்டிப்போகலாமா?

முதலில் உண்மையைச் சொல்லுங்கள், அவள் வயதுக்கு ஏற்றபடி. எப்படியும் பள்ளியில் யாராவது சொல்லிவிடுவார்கள். பூட்டிய கதவும் சோதனையும் இருக்கும் என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். அவள் வருவது அண்ணனுக்குச் சம்மதமா என்றும் கேட்டுவிடுங்கள். சிலருக்குத் தங்கை முன்னால் அந்த உடையில் உட்காரப் பிடிக்காது.

கேள்வி: நாலு மணி நேரம் பயணம் செய்து போனேன். பார்க்க வரமாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

வெட்கமாக இருக்கலாம். நீதிமன்றத்தில் அன்று ஏதாவது நடந்திருக்கலாம். முகத்தில் காயம் இருந்து, நீங்கள் பார்க்க வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். அதனால் கிளம்பும் முன் அவன் உடம்பு நன்றாக இருக்கிறதா, மருத்துவர் பார்த்தாரா என்று பொறுப்பாளரிடம் கேளுங்கள். ஒரு துண்டுத் தாளில் ‘வந்தேன். அடுத்த பார்வை நாளும் வருகிறேன்’ என்று எழுதிக் கொடுங்கள். ‘இவ்வளவு தூரம் வந்தேனே’ என்று அதில் வேண்டாம். அடுத்த தடவையும் அவன் வராமல் போகலாம். அப்போதும் அதே தாளை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.