அவுட்போர்டு மோட்டாரைப் பனிக்காலத்துக்கு எடுத்து வைக்கும் முன்

வணக்கம் நண்பரே. படகின் பின்புறம் மாட்டும் டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டாரை பிப்ரவரி வரை ஊட்டி அருகே தலைகுந்தா ஷெட்டில் அப்படியே போட்டு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து வேண்டாம். ஜனவரி விடியலில் அங்கே பூஜ்ஜியத்துக்குக் கீழே போகும்.

முதலில், மோட்டாரின் அடியில் புரொப்பெல்லர் பக்கம் உள்ள கியர் கேஸின் ஆயில். கீழ் ஸ்க்ரூ, பிறகு மேல் ஸ்க்ரூ கழற்றி வடியுங்கள். பால் டீ நிறத்தில் வந்தால் சீல் போய்த் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அது உறைந்து விரிந்தால் கியர் கேஸே வெடிக்கும். சீலை மாற்றுங்கள். புது ஆயிலைக் கீழ்த் துளை வழியாகவே, மேலே வழியும்வரை ஏற்றி, மேல் ஸ்க்ரூவை முதலில் மூடுங்கள். இரண்டுக்கும் புது வாஷர்.

எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும்; அதனால் உள்ளே மிச்சம் வைக்காதீர்கள். மோட்டாரைத் தண்ணீர் டிரம்மில் இறக்கி ஓட்டி, பெட்ரோல் குழாயைக் கழற்றி, தானாக நிற்கும்வரை விடுங்கள். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஒரு டீஸ்பூன் டூ-டி ஆயில் (டூ-ஸ்ட்ரோக் எஞ்சின் ஆயில்) விட்டு, எஞ்சின் மேலுள்ள ஃப்ளைவீலை (சுழல் சக்கரத்தை) வழக்கமான திசையிலேயே கையால் சுற்றுங்கள். படுக்கப் போடாமல் செங்குத்தாக நிறுத்தினால்தான் உள்தண்ணீர் முழுக்க வடியும்.