அமெரிக்க உள்நாட்டுப் போர் மூள அடிமை ஒழிப்புப் போராட்டம் எப்படிக் காரணமானது?

கேள்வி கேட்டவர் கூடவே ஒரு சந்தேகத்தையும் போட்டிருக்கிறார்: "அடிமைமுறையை ஒழிக்கணும்னு சொன்னவங்க வடக்கிலேயே சின்னக் கூட்டம்தானே? அவங்களால ஒரு போரே வந்துச்சுன்னு சொல்றது மிகையில்லையா?"

நியாயமான சந்தேகம். எனக்கும் ரொம்ப நாள் இருந்தது. நம் பள்ளிக்கூடப் பாடத்தில் இந்தச் சமாசாரம் இரண்டு வரி. லிங்கன் வந்தார், போர் நடந்தது, அடிமைகள் விடுதலையானார்கள். பரீட்சைக்கு அது போதும்.

பிறகு வேலை நிமித்தமாக போஸ்டனில் ஐந்து வருடம் இருந்தேன். ஆபீஸ் ஸ்டேட் ஸ்ட்ரீட் பக்கம். மத்தியானம் டப்பாவைக் காலி பண்ணிவிட்டு அந்தத் தெருவில் துறைமுகம் வரை ஒரு நடை போய் வருவது வழக்கம். தெருவின் மேல்முனையில் பழைய ஸ்டேட் ஹவுஸ் என்று ஒரு செங்கல் கட்டடம் இருக்கிறது. சுற்றிலும் கண்ணாடிக் கோபுரங்கள், நடுவில் அது மட்டும் கொலு பொம்மை மாதிரி உட்கார்ந்திருக்கும். அந்த வட்டாரத்தில் 19 வருட இடைவெளியில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொன்னாலே உங்கள் கேள்விக்குப் பாதி பதில் வந்துவிடும்.

முதலாவது, 1835 அக்டோபர் 21. வில்லியம் லாயிட் காரிசன் என்பவர் 1831இலிருந்து 'லிபரேட்டர்' என்று ஒரு வாரப் பத்திரிகை நடத்தி வந்தார். படிப்படியாக எல்லாம் வேண்டாம், அடிமைகளை உடனே விடுதலை செய்யுங்கள் என்பதுதான் அவர் பேச்சு. அன்றைக்கு அடிமை ஒழிப்புக்காகக் கூடிய பெண்களின் கூட்டத்துக்குப் போனவரை ஒரு கும்பல் பிடித்து, கயிற்றைக் கட்டித் தெருவில் இழுத்துக்கொண்டு போனது. சட்டை கிழிந்து தொங்கியது. மேயரின் ஆட்கள் அவரை மீட்டு இந்தச் செங்கல் கட்டடத்துக்குள் கொண்டுபோனார்கள். அப்போது அதுதான் நகராட்சி அலுவலகம். அங்கேயும் உயிருக்கு உத்தரவாதமில்லை என்று, ராத்திரி பாதுகாப்புக்காக அவரைச் சிறையில் வைத்தார்கள். கயிற்றைப் பிடித்தவர்கள் ரவுடிகள் இல்லை. நல்ல கோட்டும் தொப்பியும் போட்ட வியாபாரிகள் அந்தக் கும்பலில் நிறைய இருந்தார்கள். காரணம் பருத்தி. தெற்கில் அடிமைகள் பறித்த பஞ்சில்தான் போஸ்டனைச் சுற்றியுள்ள நியூ இங்கிலாந்து வட்டாரத்தின் ஆலைகள் ஓடின. காரிசன் அவர்கள் கல்லாவில் கை வைத்தார்.

ஆக, நீங்கள் சொன்னது சரி. சின்னக் கூட்டம்தான். 1840 தேர்தலில் அடிமை ஒழிப்புக்கென்றே நின்ற லிபர்ட்டி கட்சி வாங்கிய ஓட்டு சுமார் 7,000. மொத்தம் பதிவானது ஏறக்குறைய 24 லட்சம். நம்மூர்க் கணக்கில் டெபாசிட் போச்சு.

இரண்டாவது சம்பவம், 1854 ஜூன் 2. ஆன்டனி பர்ன்ஸ் என்ற இருபது வயது அடிமைப் பையன் வர்ஜினியாவிலிருந்து அந்த வருடத் தொடக்கத்தில் கப்பலில் ஒளிந்து போஸ்டனுக்குத் தப்பி வந்தான். துணிக்கடை ஒன்றில் வேலை கிடைத்தது. ஊரில் இன்னும் அடிமையாக இருந்த அண்ணனுக்கு ஒரு கடிதம் போட்டான். அது எஜமானன் கையில் சிக்கிவிட்டது. அவர் கிளம்பி வந்து, மே 24 ராத்திரி, கடையை மூடிவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவனை ஏதோ நகைத் திருட்டு என்று பொய் சொல்லிப் பிடிக்க வைத்தார். இரண்டு நாள் கழித்து ஒரு கூட்டம், அவனை அடைத்து வைத்திருந்த நீதிமன்றத்தின் கதவைப் பெரிய மரக்கட்டையால் இடித்து உள்ளே புகப் பார்த்தது. காவலாள் ஒருவர் செத்துப்போனார். பையனை மீட்க முடியவில்லை.

ஜூன் 2 அன்று அவனைத் திரும்ப வர்ஜினியாவுக்குக் கப்பலேற்ற அழைத்துப் போனார்கள். ஒரு ஆளுக்குக் காவலாக நூற்றுக்கணக்கில் சிப்பாய்கள், கடற்படை வீரர்கள், கூடவே ஒரு பீரங்கி. வழிநெடுக சுமார் 50,000 பேர் நின்றார்கள். கடைகளிலும் அலுவலகங்களிலும் கறுப்புத் துணி தொங்கியது. ஸ்டேட் ஸ்ட்ரீட்டுக்குக் குறுக்கே கயிறு கட்டி, அதில் 'சுதந்திரம்' என்று எழுதிய சவப்பெட்டியைத் தொங்கவிட்டிருந்தார்கள். கறுப்புத் துணி தொங்கவிட்ட இவர்களும் அதே வட்டாரத்து வியாபாரிகள்தான். 1835இல் அவர்களுடைய அப்பாக்கள் காரிசனை இழுத்தார்கள். சிலர் விஷயத்தில் அவர்களேகூட இருக்கலாம்.

இந்த 19 வருடத்தில் ஊருக்கு என்ன ஆயிற்று? காரிசனின் தலையங்கத்தைப் படித்து எல்லோரும் மனம் மாறிவிட்டார்கள் என்று நான் நம்பவில்லை. என் கருத்து இது: அடிமை ஒழிப்பாளர்கள் போட்ட சத்தத்தைவிட, அந்தச் சத்தத்தை அடக்கத் தெற்கத்தி எஜமானர்கள் செய்த காரியங்கள்தான் வடக்கைத் திருப்பின. கொசுவை அடிக்க உலக்கையைத் தூக்கினார்கள். உலக்கை ஒவ்வொரு தடவையும் பக்கத்து வீட்டுக்காரன் மேல் விழுந்தது.

பாருங்கள். 1835இல் ஒழிப்பாளர்கள் தெற்குக்குத் தபாலில் துண்டுப் பிரசுரம் அனுப்பினார்கள். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில் ஒரு கும்பல் தபால் ஆபீஸை உடைத்துப் பைகளை எடுத்துக் கொளுத்தியது. வாஷிங்டனில் இருந்த தபால் துறைத் தலைவரும் கண்டுகொள்ளாமல் விட்டார். அடுத்து, ஊர் ஊராகப் பெண்கள் வீட்டுப்படி ஏறிக் கையெழுத்து வாங்கி நாடாளுமன்றத்துக்கு மனுக்களை அனுப்பினார்கள். 1836இல் கீழவையில் ஒரு விதி போட்டார்கள்: அடிமைமுறை பற்றிய மனு எதுவானாலும் படிக்காமலே கிடப்பில் போட வேண்டும். வாய்ப்பூட்டு விதி என்று அதற்குப் பெயரே வந்துவிட்டது. முன்னாள் ஜனாதிபதி ஜான் குவின்சி ஆடம்ஸ், வயது எழுபதை நெருங்கிய நேரத்தில், சாதாரண உறுப்பினராக அந்த அவையில் உட்கார்ந்திருந்தார். ஒருநாள் எழுந்து, "அடிமைகளே எழுதிய மனு ஒன்று என்னிடம் இருக்கிறது. கொடுக்கலாமா?" என்று சபாநாயகரை அப்பாவி மாதிரி கேட்டார். தெற்கத்தி உறுப்பினர்கள் கொதித்து எழுந்தார்கள், இவரைக் கண்டிக்க வேண்டும் என்று தீர்மானம் வரை போனார்கள். நாள்கணக்கில் ரகளை. கடைசியில் பார்த்தால், அந்த மனு அடிமைமுறை ஒழிப்புக்கு எதிரானதாம். கிழவர் குறும்புக்காரர்.

அடிமைகளைப் பற்றிக் கவலையே படாத வடக்கத்தி விவசாயிக்குக்கூட இங்கேதான் உறைத்தது. மனு கொடுப்பது அவன் உரிமை. தபால் அவனுடையது. 1837இல் இல்லினாய்ஸின் ஆல்ட்டன் ஊரில் அடிமைமுறையை எதிர்த்து எழுதிய எலைஜா லவ்ஜாய் என்ற பத்திரிகையாசிரியரைத் தன் அச்சு இயந்திரத்தைக் காக்கப் போன இடத்தில் சுட்டுக் கொன்றார்கள். அடிமைமுறையே இல்லாத மாநிலத்தில் நடந்த கொலை அது. 'கறுப்பனுக்கு விலங்கு மாட்டினவன் நாளைக்கு என் வாயையும் கட்டுவான்' என்ற பயம் அப்படித்தான் பரவியது. அதைத் தூய மனிதாபிமானம் என்று சொல்ல மாட்டேன். வடக்கில் நிறவெறி ஏராளம்.

இதையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது 1850இன் தப்பியோடிய அடிமைகள் சட்டம். இந்தச் சட்டத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்க்க வேண்டும். பிடிபட்டவர் தன் தரப்பில் சாட்சி சொல்ல முடியாது. ஜூரி கிடையாது. கமிஷனர் ஒருவர் தீர்ப்புச் சொல்வார். "இவன் அடிமைதான், கொண்டு போ" என்று எழுதினால் அவருக்குக் கட்டணம் 10 டாலர். "இல்லை, விட்டுவிடு" என்று எழுதினால் 5 டாலர். முதல் வகைக்குக் காகித வேலை அதிகம் என்று விளக்கம் சொன்னார்கள்! தப்பியவருக்குச் சோறு போட்டால் 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. தெருவில் போகிற எவரையும் கூப்பிட்டு "வா, பிடிக்க உதவு" என்று மார்ஷல் (மத்திய அரசின் காவல் அதிகாரி) ஆணையிடலாம். எங்கோ தெற்கில் நடக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டிருந்தவர்களை இந்தச் சட்டம் கையைப் பிடித்துக் கூட்டுச் சேர்த்தது.

இந்தச் சட்டம் எதற்குத் தேவைப்பட்டது என்பதையும் யோசிக்க வேண்டும். அடிமைகள் ஓடிக்கொண்டே இருந்தார்கள். ஃபிரெடரிக் டக்ளஸ் 1838இல் மேரிலாந்திலிருந்து ஓடி வந்து மேடையேறினார். அவர் பேசக் கேட்டவர்களிடம் 'அடிமைகள் சந்தோஷமாக இருக்கிறார்கள்' என்ற கதை எடுபடவில்லை. ஒழிப்பு இயக்கம் என்றதும் வெள்ளைக்காரப் பாதிரிமாரும் பத்திரிகையாளரும்தான் நினைவுக்கு வருகிறார்கள். என்னைக் கேட்டால், இந்தப் போராட்டத்தின் அச்சாணி ராத்திரியோடு ராத்திரியாக ஓடியவர்களின் கால்கள்தான்.

பர்ன்ஸ் விஷயத்துக்கு வருகிறேன். ஏமஸ் லாரன்ஸ் என்று போஸ்டனில் ஒரு பெரும் பணக்காரர், பருத்தித் துணி வியாபாரக் குடும்பம். பர்ன்ஸைப் பிடித்ததையடுத்து அவர் எழுதியதன் சாரம்: சமரசம் பேசும் பழைய ஆட்களாகத்தான் ராத்திரி படுத்தோம், காலையில் எழுந்தால் பித்துப் பிடித்த அடிமை ஒழிப்பாளர்களாக இருந்தோம். அதே வாரம், மே 30இல், கன்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் கையெழுத்தானது. மேற்கே புதுப் பிரதேசங்களில் ஒரு எல்லைக்கோட்டைக் கிழித்து, அதற்கு வடக்கே அடிமைமுறை வராது என்று 1820இல் போட்ட ஒப்பந்தத்தை அது கிழித்துப் போட்டது. இனி குடியேறுகிறவர்களே ஓட்டுப் போட்டு முடிவு செய்யட்டும் என்றார்கள். உடனே லாரன்ஸ், அடிமைமுறையை எதிர்க்கிறவர்களைக் கன்சாஸில் குடியேற்றப் பணத்தை இறக்கினார். அங்கே எழும்பிய ஊருக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 1856 மே 21இல் அடிமைமுறை ஆதரவுக் கும்பல் அந்த லாரன்ஸ் ஊரைச் சூறையாடியது. 22இல், கன்சாஸ் விஷயத்தில் அடிமைமுறைக்காரர்களைக் காட்டமாகச் சாடிய செனட்டர் சார்ல்ஸ் சம்னரை, செனட் அவைக்குள்ளேயே, பிரெஸ்டன் புரூக்ஸ் என்ற தென் கரோலினா உறுப்பினர் கைத்தடி முறியும்வரை அடித்தார். தெற்கிலிருந்து புரூக்ஸுக்குப் புதுக் கைத்தடிகள் பரிசாக வந்தன. 24 ராத்திரி ஜான் பிரவுன் என்ற தீவிர அடிமை ஒழிப்பாளர் தன் மகன்களோடு போய், கன்சாஸில் அடிமைமுறை ஆதரவாளர்கள் ஐந்து பேரை வாளால் வெட்டிக் கொன்றார். நான்கே நாள். போர் 1861இல் தொடங்கியது என்று புத்தகத்தில் இருக்கும். கன்சாஸ்காரர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

மிச்சம் வேகமாக நடந்தது. 1857இல், விடுதலை கேட்டு டிரெட் ஸ்காட் என்ற அடிமை போட்ட வழக்கில், கறுப்பர்கள் குடிமக்களே ஆக முடியாது, புதுப் பிரதேசங்களில் அடிமைமுறையைத் தடுக்க நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 1859இல் அதே பிரவுன், அடிமைகளைக் கிளர்ந்தெழச் செய்யும் திட்டத்தோடு வர்ஜினியாவின் ஹார்ப்பர்ஸ் ஃபெர்ரி ஆயுதக் கிடங்கைப் பிடித்து, தோற்று, தூக்கில் தொங்கினார். வடக்கில் சில ஊர்களில் அவருக்காக மணியடித்தார்கள். அந்த மணிச் சத்தம் தெற்கில் வேறு மாதிரி கேட்டது. 1860 நவம்பரில் சுமார் 40 சதவீத ஓட்டோடு லிங்கன் ஜெயித்தார். அவர் காரிசன் வகையறா இல்லை. அடிமைமுறை இருக்கிற இடத்தில் இருக்கட்டும், புது இடத்துக்குப் பரவ வேண்டாம் என்பதே அவர் கட்சியின் நிலை. பதவியேற்ற அன்றும் அதையே சொன்னார். தெற்கு நம்பவில்லை. 40 லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவான மனிதர்கள் அங்கே சொத்துக் கணக்கில் இருந்தார்கள்.

"போர் அடிமைமுறைக்காக இல்லை, மாநில உரிமைக்காக" என்று தெற்கிலிருந்து வந்த சக ஊழியர் ஒருவர் என்னிடம் வாதாடுவார். அவருக்கு நான் சொன்ன பதிலை இங்கேயும் வைக்கிறேன். 1850களில் மாநில உரிமை பேசியது வடக்கு. விஸ்கான்சின் உச்ச நீதிமன்றம் அந்தத் தப்பியோடியோர் சட்டமே செல்லாது என்றது. மாசசூசெட்ஸ் தன் அதிகாரிகள் அதற்கு உதவக் கூடாது என்று 1855இல் சட்டம் போட்டது. பர்ன்ஸுக்குப் பிறகு அந்த மாநிலத்திலிருந்து ஒருவரைக்கூடத் திருப்பி அனுப்பவில்லை. தென் கரோலினா 1860 டிசம்பரில் பிரிந்தபோது வெளியிட்ட காரணப் பத்திரத்தைப் படித்துப் பாருங்கள். தப்பியவர்களைத் திருப்பித் தராத வடமாநிலங்களின் பெயர்களை வரிசையாக எழுதியிருக்கிறது. அடிமை ஒழிப்புச் சங்கங்களை நடத்த விட்டார்கள், புத்தகமும் படமும் அனுப்பி அடிமைகளைத் தூண்டினார்கள் என்ற புகாரும் அதில் உண்டு. அந்தச் சின்னக் கூட்டத்தைப் பற்றித்தான் பேச்சு. 'அவர்களால் போர் வருமா' என்று நீங்கள் கேட்கிறீர்கள். பிரிந்து போனவர்களே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

1861 ஏப்ரல் 12இல் தென் கரோலினாவின் சம்டர் கோட்டை மீது தெற்கின் பீரங்கி வெடித்தது, போர் தொடங்கியது. (இதற்குப் பின் தெற்கத்திப் பஞ்சு நின்று, இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் இந்தியப் பஞ்சுக்கு அலைந்ததும், நம் திருநெல்வேலிச் சீமைப் பருத்திக்குக் கிராக்கி வந்ததும் தனிக்கதை. இன்னொரு கேள்வியில் பார்ப்போம்.)

கடைசியாக எனக்குப் பிடித்த ஒன்று. போர் தொடங்கி ஆறு வாரம்கூட ஆகவில்லை. மே 23 ராத்திரி, தெற்குப் படைக்குப் பீரங்கி மேடு கட்டிக்கொண்டிருந்த மூன்று அடிமைகள் ஒரு படகை எடுத்துத் துடுப்புப் போட்டு, வர்ஜினியாவில் வடக்கின் கையில் இருந்த மன்ரோ கோட்டைக்கு வந்து சேர்ந்தார்கள். தளபதி பெஞ்சமின் பட்லர், மாசசூசெட்ஸ் வக்கீல். ஒழிப்பாளர் இல்லை. முந்தின வருடக் கட்சி மாநாட்டில் ஜெஃபர்சன் டேவிஸுக்கே திரும்பத் திரும்ப ஓட்டுப் போட்டவர். அந்த டேவிஸ்தான் இப்போது எதிரணியின் ஜனாதிபதி! மறுநாள் தெற்கத்தி அதிகாரி ஒருவர் சமாதானக் கொடியோடு வந்து, 1850 சட்டப்படி மூவரையும் திருப்பிக் கேட்டார். பட்லர் வக்கீல் பாணியில் பதில் சொன்னார்: வர்ஜினியா இப்போது தன்னை அயல்நாடு என்கிறது, அயல்நாட்டுக்கு எங்கள் சட்டத்தின்படி நான் ஏன் எதையும் திருப்பித் தர வேண்டும்?

அதிகாரி வெறுங்கையோடு குதிரையைத் திருப்பினார். சில நாளில் பெண்களும் குழந்தைகளுமாக டஜன் கணக்கில் அந்தக் கோட்டை வாசலுக்கு வந்து நின்றார்கள்.