கடைசி ஆள் – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

மூன்று வருடமாக உங்கள் தளத்தைப் படிக்கிறேன். முதன்முறையாக எழுதுகிறேன், அதுவும் இலக்கியம் பற்றி அல்ல. மன்னிக்கவும்.

தரமணியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. வயது 43. ஆபீஸில் ஆறு வார நடைப் போட்டி வைத்திருக்கிறார்கள். ஐந்து பேர் ஒரு டீம். ஐந்து பேரின் அடிகளையும் ஒரு ஆப் கூட்டி, தினமும் பட்டியல் போடும். ஆளுக்கு ஒரு நாளைக்குப் பத்தாயிரம் அடி இலக்கு. ஒரு ஆள் குறைகிறது என்று என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். பள்ளிக்கூடத்தில் பி.டி. பீரியட் முழுக்க மரத்தடியில் உட்கார்ந்திருந்தவள் நான். முதல் நாள் என் கணக்கு 3,140. எங்கள் கேப்டன் மாரத்தான் ஓடுபவர், அன்றைக்கு அவர் 21,000. நான்காம் நாள் ரோஷத்தில் 11,000 நடந்தேன். மறுநாள் காலையில் குதிகாலைத் தரையில் ஊன்ற முடியவில்லை.

இரண்டாவது வாரம் ஒரு தப்பு செய்தேன். மகன் கிரிக்கெட் ஆடப் போகும்போது என் போனை அவன் பாக்கெட்டில் போட்டு அனுப்பினேன். அன்று 14,600. குரூப்பில் எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு ராத்திரி தூக்கம் வரவில்லை.

தினமும் இரவு குரூப்பில் ‘ஸாரி டீம்’ என்று போடுகிறேன். டீமுக்குப் பாரமாக இருக்கிறேனோ என்று இருக்கிறது. விலகிவிடலாமா? எந்த ஷூ வாங்குவது, கையில் கட்டும் வாட்ச் வேண்டுமா, காலையில் நடப்பதா மாலையிலா என்பதையும் சொன்னால் நல்லது. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

எஸ்.

*

அன்புள்ள எஸ்.,

ஷூ வாங்க யோசனை கேட்க என்னை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று தெரியவில்லை. வருடத்தில் பத்து மாதம் ரப்பர் செருப்போடு திரிகிறவன் நான். மகனின் பாக்கெட் விஷயத்தை மறைக்காமல் எழுதியிருந்தீர்கள், அதனால்தான் பதில் எழுதுகிறேன். இன்னொரு காரணமும் உண்டு. போன வாரம் திண்டுக்கல்லிலிருந்து ராத்திரி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். எதிர்ப்பக்கம் பழனிக்கு நடந்து போகிறவர்கள் சாரிசாரியாக வந்தார்கள். பச்சை வேட்டி, முதுகில் ஒளிரும் ஸ்டிக்கர். கூட்டம் போய் முடிந்தபின் நூறு அடி தள்ளி ஒரு அம்மாள் ஒற்றையாகக் கம்பு ஊன்றி வந்தார். அவருக்குப் பின்னால், பேச்சு எதுவும் இல்லாமல், டார்ச் லைட்டோடு ஒரு பையன். அந்த இரண்டு பேரும் ஒரு வாரமாக மண்டைக்குள் நடந்துகொண்டே இருக்கிறார்கள். அப்போது பார்த்து உங்கள் கடிதம்.

முதலில் திட்டிவிடுகிறேன், அப்புறம் மறந்துவிடும். போனைப் பையனிடம் கொடுத்தது பெரிய பாவம் இல்லை. மேசை விசிறியில் போனைக் கட்டித் தொங்கவிட்டவர்களை எனக்குத் தெரியும். போனுக்கு உள்ளே இருக்கும் கருவி குலுக்கலின் தாளத்தை வைத்துத்தான் அடியை எண்ணுகிறது, குலுக்குவது யார் என்று அதற்குத் தெரியாது. எனக்குக் கோபம் அந்த ‘ஸாரி டீம்’ மேல்தான். எதற்கு ஸாரி? யாரிடம்? 43 வயதில், வேலையும் வீடும் போக மிச்சம் இருக்கும் நேரத்தில் 3,140 அடி வைத்ததற்கா? இரவு எட்டு மணிக்கு மேல் நீங்கள் போடும் அந்தச் செய்தியில் பணிவு எதுவும் இல்லை. மற்றவர்கள் திட்டுவதற்கு முன்னால் நாமே நம்மைத் திட்டிக்கொண்டால் வலி குறையும் என்ற கணக்குதான் இருக்கிறது. பரீட்சை எழுதிவிட்டு வந்ததும் ‘நான் ஃபெயில்டீ’ என்று எல்லோரிடமும் சொல்லிவைக்கும் பிள்ளைகளைப் போல. இன்றோடு நிறுத்துங்கள்.

இந்தப் பத்தாயிரம் எங்கிருந்து வந்தது தெரியுமா? பெரிய மருத்துவ ஆய்வு எதிலிருந்தும் பிறந்த எண் இல்லை. டோக்கியோ ஒலிம்பிக் 1964-இல் நடந்தது. அடுத்த வருடம் ஒரு ஜப்பானியக் கடிகாரக் கம்பெனி இடுப்பில் மாட்டிக்கொள்ளும் அடி எண்ணும் கருவியை விற்பனைக்கு விட்டது. பெயர் ‘மான்போ-கெய்’, பத்தாயிரம் அடி மீட்டர் என்று அர்த்தம். ஒரு சரக்கின் பெயர், அறுபது வருடத்தில் உங்கள் ஹெச்.ஆர். துறையின் சட்டமாகிவிட்டது. 2019-இல் ஐ-மின் லீ என்பவரின் குழு அமெரிக்காவில் 16,741 வயதான பெண்களின் அடிகளை எண்ணி ஓர் ஆய்வை வெளியிட்டது. சராசரி வயது 72. நாளுக்குச் சுமார் 2,700 அடி நடந்தவர்களோடு ஒப்பிட்டால், 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் 41 சதவீதம் குறைவு. 7,500-க்கு மேல் போனால் பெரிதாக எதுவும் கூடவில்லை. நடந்ததால் ஆரோக்கியமா, ஆரோக்கியம் இருந்ததால் நடந்தார்களா என்று நீங்கள் கேட்கலாம், நியாயமான கேள்விதான். உங்களுக்கு அவர்கள் வயதும் இல்லை. ஆனாலும் உங்களுடைய 3,140-க்கும் அந்த 4,400-க்கும் நடுவில் இருப்பது ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. பஸ் ஸ்டாப் ஒன்று முன்னால் இறங்கினால் தீர்ந்தது.

சரி, பாரம் என்ற சொல்லுக்கு வருகிறேன். அதைத்தான் என்னால் தாண்டிப் போக முடியவில்லை.

இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் காரைக்குடியில் வேலை பார்த்தேன். எங்கள் தெருவிலிருந்து தைப்பூசத்துக்குப் பழனிக்கு ஒரு குழு நடக்கும். குன்றக்குடி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல், ஒட்டன்சத்திரம் என்று 150 கிலோமீட்டருக்கு மேல். நகரத்தார் காவடிகள் தலைமுறை தலைமுறையாகப் போகும் தடம் அது. எனக்குப் பக்தியைவிட வீம்பு அதிகம். முப்பது வயதுக்காரன், நாற்பது பேர் குழுவில் பாதிப்பேர் என் அப்பா வயது. முதல் ராத்திரி இளவட்டங்களோடு முன்வரிசையில் அரோகரா போட்டுக்கொண்டு போனேன். வெறுங்கால். தை மாதப் பனியில் தார் ரோடு ஜில்லென்று இருந்தது, மிதக்கிற மாதிரி இருந்தது.

சிங்கம்புணரி தாண்டுவதற்குள் இரண்டு பாதத்திலும் முன்பக்கம் புளியங்கொட்டை அளவில் கொப்புளங்கள். தார் ரோட்டில் பெயர்ந்து கிடக்கும் பொடி ஜல்லி ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. ஒரு ஆச்சி ஊசியில் நூல் கோத்து, கொப்புளத்தின் இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் எடுத்து, நூலை உள்ளேயே விட்டு, தேங்காய் எண்ணெய் தடவிவிட்டார். நீர் நூல் வழியாகக் கசிந்து போகும். (நீங்கள் இதைச் செய்யாதீர்கள். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருக்கிறவர்கள் காலில் ஊசி விளையாட்டும் வேண்டாம், வெறுங்கால் நடையும் வேண்டாம்.) அதன் பிறகு நான் குழுவின் கடைசி ஆள்.

முழுக்கக் கடைசி என்றும் சொல்ல முடியாது. எனக்குப் பின்னால் மளிகைக் கடை அண்ணன் ஒருவர் வந்தார். ஐம்பத்தைந்து இருக்கும், கட்டையான ஆள். நான் மைல் கல்லில் உட்காரும்போதெல்லாம் அவருக்கு ஏதாவது ஒரு வேலை வந்துவிடும். வேட்டியை அவிழ்த்துக் கட்டுவார். காலில் முள் என்பார். ஒரு தடவை நடு ராத்திரியில் நின்று புளியமரத்தை ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம், வயதான மனுஷன், இவரைத் தனியாக விட்டுப் போகக் கூடாது என்று நான் நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன். அவருக்குத் துணையாக நடக்கிறோம் என்ற நினைப்பிலேயே நத்தம் வந்துவிட்டது, திண்டுக்கல் வந்துவிட்டது.

ஒட்டன்சத்திரத்தில் ஒரு டீக்கடை. நான் பெஞ்சில் காலை நீட்டிக் கண்ணை மூடியிருந்தேன். அண்ணன் குழுத் தலைவரிடம் பேசுவது காதில் விழுந்தது. “இன்னைக்கு வேற ஆளைப் பின்னால போடுங்க. நான் முன்னால போய்ச் சமையலைப் பார்க்கணும். தம்பியை மட்டும் விட்டுராதீங்க, ரோஷக்காரப் பய.”

நன்றி சுரந்திருக்க வேண்டும், இல்லையா? எனக்கு அடக்க முடியாத கோபம் வந்தது. மூன்று நாளாக என்னை ஏமாற்றியிருக்கிறார். அந்தக் கோபத்திலேயே எழுந்து நடந்தேன். அண்ணனிடம் பழனி வரை பேசவில்லை.

அவர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்த இடத்தில் சாப்பாடு என்றாலும், கடைசி ஆள் வந்து சேர்ந்த பிறகுதான் இலை போடுவார்கள். முதலில் வந்தவர்கள் மர நிழலில் படுத்திருப்பார்கள், சாம்பார் ஆறிக்கொண்டிருக்கும், யாரும் கேட்க மாட்டார்கள். பின்னால் வருகிறவனைத் துரத்துவதற்காக வைத்த வழக்கம் இல்லை அது. ஆனால் நாற்பது பேர் பசியோடு இருக்கிறார்கள் என்று தெரிந்தால் கொப்புளக் கால் கொஞ்சம் எட்டித்தான் வைக்கும்.

இதை வெகுகாலம் பக்தியின் கணக்கில் எழுதி வைத்திருந்தேன். பிறகுதான் ஓட்டோ கோலர் என்ற ஜெர்மானியர் 1926-இல் வெளியிட்ட சோதனையைப் பற்றிப் படித்தேன். பெர்லினில் ஒரு படகோட்டச் சங்கத்து ஆட்களை எடைக் கம்பியைத் தூக்கித் தூக்கி இறக்கச் சொன்னார், கை ஓயும் வரை. முதலில் தனித்தனியாக. அப்புறம் இரண்டு இரண்டு பேராக, இரட்டை எடையோடு ஒரே கம்பி. ஒருவர் விட்டுவிட்டால் மற்றவரால் தாக்குப்பிடிக்க முடியாது, ஆட்டம் முடிந்தது. அப்படிச் சேர்த்துக் கட்டியபோது இருவரில் பலம் குறைந்தவர், தனியாகத் தூக்கியதைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார்.

இதற்கு நேர் எதிரான சோதனையும் உண்டு. ரிங்கல்மான் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்க வைத்து அளந்தார், 1913-இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒவ்வொருவரும் தனியாக இழுக்கும் பலத்தில் ஏறக்குறைய பாதியைத்தான் போட்டார்கள். ஊர் கூடித் தேர் இழுக்கும்போது வடத்தைச் சும்மா பிடித்துக்கொண்டு வருகிற ஆட்களை நாமும் பார்த்திருக்கிறோம். மொத்தத்தைக் கூட்டிப் போடுகிற இடத்தில் ஒருவன் பங்கு தெரியாது, அல்லது தெரிந்து அசிங்கப்படும். கடைசி ஆளை வைத்து மொத்தத்தையும் அளக்கிற இடத்தில் நடப்பதே வேறு.

உங்கள் ஆபீஸ் செய்திருப்பது கூட்டிப் போடுகிற வகை. அதோடு ஆளாளுக்கான எண்ணையும் பட்டியல் போட்டு ஒட்டியாயிற்று. 21,000-மும் 3,140-ம் ஒரே கட்டத்துக்குள். அந்தக் கேப்டனை நான் ஒன்று கேட்க வேண்டும். ஆறு வாரத்தில் ஒரே ஒரு நாள், அவர் உங்களுடைய 3,140 அடியை உங்களோடு சேர்ந்து, உங்கள் வேகத்தில் நடந்திருக்கிறாரா? மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டடத்தைச் சுற்றி ஒரு சுற்று? அது அவர் கணக்கில் சில ஆயிரம் அடியைக் குறைத்திருக்கும், அவ்வளவுதான். கைதட்டும் பொம்மையைக் குரூப்பில் அனுப்ப ஒரு கட்டைவிரல் போதும். பின்னால் வருவதற்கு இரண்டு கால் வேண்டும். உங்கள் ஐந்து பேருக்குப் பெயர் டீம் என்றால், கூட்டல் கணக்கு எல்லாமே டீம்தான். பாரம் என்று எழுதுகிறீர்களே, யாராவது தூக்கினால்தானே பாரம்? உங்களை யார் தூக்கினார்கள்?

கொஞ்சம் கோபமாகத்தான் எழுதுகிறேன். அந்த அண்ணன் போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. அன்று பேசாமல் நடந்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை.

விலகுவதா என்று கேட்டிருந்தீர்கள் அல்லவா. வேண்டாம். ஆனால் மாரத்தான்காரரைப் பார்த்து நடப்பதை நிறுத்துங்கள். கோலரின் சோதனையில் இன்னொரு விஷயமும் இருந்தது. இரண்டு பேரும் சம பலமாக இருந்தாலும் பலனில்லை, மலைக்கும் மடுவுக்குமாக இருந்தாலும் பலனில்லை. ஓரளவு வித்தியாசம்தான் வேலை செய்கிறது. உங்கள் ஆபீஸில் ஐந்தாறாயிரம் நடக்கிற யாராவது இருப்பார்கள், வேறு டீமாக இருந்தால் என்ன? அவரோடு போங்கள். உங்கள் சொந்த வாரச் சராசரியை எடுத்து, அதன்மேல் சில நூறு அடி சேருங்கள், அடுத்த வாரம் இன்னும் சில நூறு. மூச்சு சீக்கிரம் பழகிவிடும், தசையும் பழகும், குதிகால் தசைநார் மெதுவாகத்தான் பழகும். நான்காம் நாள் 11,000 போனதற்குக் குதிகால் சொன்ன பதில் அது. காலையில் எழுந்து வைக்கும் முதல் அடியில் குத்தல் இன்னும் இருக்கிறது என்றால் டாக்டரிடம் காட்டுங்கள், என்னிடம் அல்ல.

வாட்ச் வேண்டாம். சில வாட்ச்கள் சப்பாத்தி தேய்த்தால்கூட அடி என்று எண்ணும். காலையா மாலையா என்பது உங்கள் வீட்டு அடுப்பு முடிவு செய்யும் விஷயம், ஆனால் சாப்பிட்டதும் பத்து பதினைந்து நிமிடம் நடப்பது உங்கள் சர்க்கரைக்கு நல்லது. ஷூ வாங்க சாயங்காலம் போங்கள், பகல் முழுக்கப் புழங்கிய கால் கொஞ்சம் உப்பியிருக்கும். போட்டுப் பார்த்தால் பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் இருக்க வேண்டும். இதற்கு மேல் எனக்குத் தெரியாது, என் மனைவி சொன்னது.

அந்த 14,600-ஐ என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தூக்கம் வரவில்லை என்றீர்கள். குரூப்பில் ‘அது என் பையன் ஆடிய கிரிக்கெட்’ என்று ஒரு வரி போட்டுவிடுங்கள், ஸாரி சேர்க்காமல். சிரிப்பார்கள், வேறு யாராவது ஒருவர் தன் விசிறிக் கதையைச் சொன்னாலும் சொல்வார். வருகிற ஞாயிறு இரவு உங்கள் வாரக் கணக்கை எனக்கு அனுப்புங்கள். பையன் எடுத்த ரன்களைக் கழித்துவிட்டு.